மறைத்தல் மருந்தாகாது

புற்றுநோயினால் மார்பை இழந்த பெண்கள் பலர், சிலிக்கோன் பையை உள்ளே வைத்து அம்மார்பை மீள அமைத்துக்கொள்கின்றனர். 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குரோனின், ஜெரோ என்னும் வைத்தியர்கள் இத்தகைய பையை முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு வைத்தனர். அன்றுதொட்டு இம்முறை பெரிதும் திருந்தியுள்ளது. ஆயினும் அப்பை ஆயுள் முழுவதும் நிலைக்குமென்று கொள்ளலாகாது.

பின்னால் ஏதேனும் கோளாறு தோன்றினால், "உயிர் தப்பியதே பெரும் பேறு, இதற்கும் முறையிடுவதா?" என்று பெண்கள் வாய்மூடி இருந்துவிடுவதுண்டு. இம்மௌனமே ஆபத்து என்போம்.

முதல் வாரங்களில் அஞ்சவேண்டியது கிருமித் தொற்று. மார்பு சிவத்தல், வீங்குதல், தையலிலிருந்து நீர் அல்லது சீழ் வடிதல், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே வைத்தியரை நாடுதல் வேண்டும். காலத்தோடு சென்றால் மருந்தினாலேயே அடங்கக்கூடும்; தாமதித்தால் பையையே எடுக்க நேரிடலாம். அவ்வாறு எடுத்தாலும் மனந்தளர வேண்டியதில்லை. புண் நன்கு ஆறியபின் மீண்டும் பை வைக்கவோ, வயிற்றுப்புறத்துத் தோலும் கொழுப்பும் கொண்டு மார்பை அமைக்கவோ பலருக்கு இயலும்.

நோவுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். இங்கு அது தகாது. மீள அமைத்த மார்பின் தோலில் உணர்ச்சி குன்றியிருக்கும். ஆதலால் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும்.

நம் உடல் தனக்குப் புறம்பான பொருளை ஒரு மெல்லிய சவ்வினாற் சூழ்ந்துகொள்வது இயல்பு. அச்சவ்வு தடித்துச் சுருங்கினால் மார்பு இறுகி, வடிவம் கோணி, நோவும் உண்டாகும். கதிர்ச் சிகிச்சை பெற்றவர்க்கு இது மிகுதியாக நேர்கின்றது. எண்ணெய் தேய்த்து இதனை இளக்க முடியாது. கடுமையாயின் சத்திரசிகிச்சையே வழி.

பை கிழிவதோ வெளியே தெரியாமலும் நிகழலாம். ஆகையால் 5 அல்லது 6 ஆண்டுகளின் பின் முதன்முறையும், அதன்பின் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஸ்கான் செய்து பார்க்குமாறு அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவுறுத்துகின்றது.

இன்னுமொன்று. வைத்த பையின் பெயரும் இலக்கமும் குறித்த அட்டையைக் கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழைப்போற் பத்திரப்படுத்துங்கள். 2010இல் பிரான்ஸ் நாட்டுப் பீ.ஐ.பீ. கம்பெனியின் பைகளில் மருத்துவத்துக்கு ஒவ்வாத சிலிக்கோன் இருந்தமை வெளியாயிற்று. 2019இல் அலர்கன் கம்பெனியின் சொரசொரப்பான மேற்பரப்புடைய பைகள், நிணநீர்த் தொகுதியைப் பற்றும் அரிய புற்றுநோயொன்றுக்குத் தொடர்புடையன எனக் கண்டு மீளப்பெறப்பட்டன. பல ஆண்டுகள் சென்றபின் மார்பு திடீரென வீங்குவது அந்நோயின் முக்கிய அறிகுறி. அட்டை கையில் இல்லாதவள், இத்தகைய செய்தி தன்னைக் குறித்ததா அன்றா என்று எங்ஙனம் அறிவாள்?

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. "எல்லாம் சுகமாகிவிட்டதே" என்று கூறி அவள் வாயை அடைத்துவிடாதீர்கள். "ஏதேனும் மாற்றம் தெரிகின்றதா?" என்று அன்புடன் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவளை வைத்தியரிடம் தக்க காலத்திற் கொண்டு சேர்த்துவிடும்.