கறுத்த குடலும் கலங்கிய மனமும்

நோய்க்கு அஞ்சுவது உண்டு. நோயின் பெயருக்கே அஞ்சுவதும் உண்டு. இரண்டாவது அச்சத்துக்கு விளக்கமே மருந்து.

கொலோனாஸ்கோப்பிச் சோதனையில் பெருங்குடலின் உட்சுவர் இளஞ்சிவப்பாய்த் தோன்றுவதே இயல்பு. சிலருக்கோ அது பழுப்பாகவும், சில வேளை கன்னங்கரேலெனவும் காட்சி தருகிறது. அறிக்கையில் ‘மெலனோசிஸ் கோலை’ என்று எழுதுகிறார்கள். படித்தவர் புற்றுநோயோ என்று நடுங்குகிறார். 1857இல் ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மானிய அறிஞர் இட்ட பெயர் அது. பெயரே பிழை! தோலுக்கு நிறம் தரும் மெலனின் அங்கே இல்லை. இருப்பது லிப்போஃபஸ்சின் என்னும் வேறொரு நிறமி.

அது எப்படி வந்தது? சென்னா, கற்றாழைப் பால் போன்றவற்றில் ஆந்திரகுவினோன் வகைப் பொருள்கள் உண்டு. பேதி மருந்தாக இவற்றைப் பல மாதம் தொடர்ந்து உட்கொண்டால், குடற்சுவரின் மேற்பரப்பில் உயிரணுக்கள் சில மடிகின்றன. துப்புரவு செய்யும் உயிரணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. விழுங்கியதில் செரியாமல் எஞ்சியதே இக்கருமை. இது புற்றுநோய் அன்று. மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில், பெரும்பாலும் ஓராண்டுக்குள், பழைய நிறம் திரும்புகிறது.

சென்னா நமக்கு அயலானதா? நிலவாகை என்று நம் சித்த மருத்துவம் அறிந்த இலைதான். உலக வாணிபத்தில் ‘தின்னவேலி சென்னா’ என்று திருநெல்வேலியின் பெயரையே சுமந்து செல்கிறது! பெருமைதான். ஆனால் நம் ஊர் இலை என்பதால் மருந்து மருந்தாகாமல் போய்விடுமா?

என் குறை இங்கேதான். “என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்டால், “ஒன்றுமில்லை” என்கிறோம். இரவுதோறும் வெந்நீரில் கலக்கும் சூரணம் நம் கணக்கில் மருந்தே அன்று, அது ‘இயற்கை’! அதைச் சொல்லாததால் காரணம் மறைகிறது, அச்சம் வளர்கிறது. மருத்துவரும் “சூரணம், லேகியம், மூலிகைத் தேநீர் ஏதேனும் உண்டா?” என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

கலக்கம் வேண்டா, அலட்சியமும் வேண்டா. பாலிப் எனும் முளைகள் பல, கரிய சுவரில் நிறமேறாமல் வெளிறித் தெரியும். அவற்றைத் தேடிப் பார்க்கத்தான் வேண்டும். மலத்தில் இரத்தமோ காரணமற்ற எடைக் குறைவோ இருந்தால், பழியைக் கருமையின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாகாது.

விடுதித் தோழர்களே! புதிய ஊர், புதிய உணவு, கலைந்த உறக்கம் இவற்றால் மலச்சிக்கல் வருவது இயல்பே. தண்ணீர், கீரை, பழம், நடை இவற்றை முதலில் நாடுங்கள். சூரணம் தேவையென்றால் சில நாளோடு நிற்கட்டும். மருத்துவர் கேட்கும்போது மட்டும் அதை மறைக்காதீர்கள்.