பச்சை எழுத்தைப் பார்த்து ஏமாறாதீங்க

“சர்வர் ஓடுதா?”ன்னு யாராவது கேட்டா நாம என்ன பண்றோம்? பிரவுசர்ல பேஜைத் திறந்து பார்க்கிறோம். லோடு ஆச்சுன்னா “ஓடுது”. லினக்ஸ் கொஞ்சம் பழகினவங்க டெர்மினலைத் திறந்து ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ அடிப்பாங்க. பச்சைக் கலர்ல ‘ஆக்டிவ், ரன்னிங்’னு வரும். அவங்களும் “ஓடுது”ன்னு சொல்லிட்டு கேன்டீனுக்குப் போயிடுவாங்க.

ரெண்டு பேர் சொன்னதும் பொய் இல்ல. ஆனா அது பாதி பதில்தான். சர்வர் ஓடுறது வேற. செய்ய வேண்டிய வேலையை, செய்ய வேண்டிய நேரத்துல அது செஞ்சு முடிச்சதாங்கிறது வேற. இந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்கப் பழகாமலேயே நாலு வருஷத்தை முடிச்சிட்டு வெளியே போறோம். காலேஜ் இதை மாத்தணும், மாத்தவும் முடியும் என்பதுதான் நான் சொல்ல வர்றது.

காஞ்சிபுரத்துல படிக்கிறவங்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்றது சுலபம். கோயில் நடை திறந்திருக்கான்னு தெருவுல நின்னே பார்த்துடலாம். உச்சிகால பூஜை ஆயிடுச்சான்னு தெரியணும்னா உள்ளே போய் விசாரிக்கணும். சர்வர்ல ‘சர்வீஸ்’ என்பது நடை மாதிரி, திறந்தே இருக்கும். இத்தனை மணிக்கு இதைச் செய்னு நாம எழுதி வைக்கிற ‘ஷெட்யூல்டு ஜாப்’ பூஜை மாதிரி, நேரத்துக்கு நடந்து முடியும். நடை திறந்திருக்கிறதை வச்சு பூஜை முடிஞ்சதுன்னு சொல்ல முடியாது இல்லையா?

இது சின்ன விஷயம்னு தோணினா, 2017 ஜனவரி 31 அன்னிக்கு கிட்லேப் கம்பெனிக்கு நடந்ததைப் பாருங்க. நம்மில் பலர் புராஜெக்ட் கோடு வைக்கிற அதே கிட்லேப்தான். அன்னிக்கு ராத்திரி ஒரு இன்ஜினியர் ஒரு டேட்டாபேஸ் கோளாறைச் சரி பண்ணும்போது, ரெண்டாவது சர்வர்னு நினைச்சு முதன்மை சர்வர்ல இருந்த டேட்டா ஃபோல்டரை அழிச்சிட்டார். ஓரிரு நொடியில சுதாரிச்சு நிறுத்தினார். அதுக்குள்ள சுமார் 300 ஜிபியில மிஞ்சினது 4.5 ஜிபிதான்.

அழிச்சது ஒரு தவறு, அது யாருக்கும் நடக்கலாம். பெரிய அதிர்ச்சி அதுக்கப்புறம்தான் வந்தது. தினமும் ஒரு தடவை பேக்கப் எடுத்து அமேசான் எஸ்3-ல போடணும்னு ஷெட்யூல் இருந்தது. போய்ப் பார்த்தா அந்த இடம் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6, பேக்கப் எடுக்கப் போன புரோகிராம் 9.2. வெர்ஷன் பொருந்தாததால ஒவ்வொரு தடவையும் எரர் அடிச்சு நின்னிருக்கு. எரர் வந்தா மெயில் போகணும்னும் செட் பண்ணியிருந்தாங்க. அந்த மெயிலையும், அனுப்பினவங்க யாருன்னு சரிபார்க்க முடியலைன்னு மெயில் சர்வர் தள்ளி விட்டுடுச்சு. ஷெட்யூல் இருந்தது, அலர்ட்டும் இருந்தது. ரெண்டும் வேலை செய்யுதான்னு யாரும் பார்க்கலை. சுமார் 6 மணி நேரம் முன்னாடி வேற ஒரு தேவைக்காகக் கையால எடுத்த ஒரு காப்பிதான் காப்பாத்துச்சு. அந்த இடைவெளியில பதிவான சுமார் 5,000 புராஜெக்ட்டுகளோட விவரம் போனது போனதுதான். இதையெல்லாம் அவங்களே மறைக்காம வெளியிட்டாங்க, அதனாலதான் நாம படிக்க முடியுது.

சரி, எப்படிப் பார்க்கிறது? முதல்ல அந்த ஸ்டேட்டஸ் கமாண்டையே ஒழுங்காப் படிப்போம். பச்சை எழுத்து இருக்கிற அதே வரியில ‘சின்ஸ்’னு போட்டு, எப்போதிலிருந்து ஓடுதுன்னு நேரம் இருக்கும். யாருமே தொடாத சர்வீஸ் ‘40 செகண்டுக்கு முன்னாடி’ ஆரம்பிச்சதுன்னு காட்டினா சந்தேகப்படணும். அது விழுந்து விழுந்து எழுந்துக்கிட்டு இருக்கலாம். விழுந்தா தானா எழுந்திருன்னு செட்டிங் இருக்கிறதால, நாம பார்க்கிற நிமிஷத்துல பச்சையாத் தெரியும்.

இதுக்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. டைமர் வச்சு ஓடுற ஒரு பேக்கப் வேலையோட ஸ்டேட்டஸைப் பார்த்தா ‘இன்ஆக்டிவ், டெட்’னு இருக்கும். புதுசாப் பார்க்கிறவங்களுக்குப் பக்குனு இருக்கும். ஆனா அந்த வேலை வந்து, முடிச்சு, போயிடுச்சுன்னுதான் அதுக்கு அர்த்தம். கீழே ‘ஸ்டேட்டஸ் 0, சக்சஸ்’னு இருந்தா எல்லாம் நலம். ஆக, பச்சையா இருக்கிறது கெட்டிருக்கலாம், ‘டெட்’னு இருக்கிறது நல்லா இருக்கலாம். கலரை மட்டும் பார்க்கிறவங்களுக்கு ரெண்டுமே தப்பாத்தான் புரியும்.

அடுத்தது, ‘ஆக்டிவ்’, ‘எனேபில்டு’ ரெண்டும் ஒன்னு இல்ல. ஆக்டிவ்னா இப்போ ஓடுது. எனேபில்டுன்னா மெஷின் ரீஸ்டார்ட் ஆனாலும் தானா வரும். ஸ்டார்ட் பண்ணிட்டு எனேபிள் பண்ண மறந்த சர்வீஸ் வாரக்கணக்கா அழகா ஓடும். ஒரு நாள் ஈ.பி. ஷட்டவுன் வரும். கரன்ட் வந்ததும் மெஷின் எழுந்திருக்கும், சர்வீஸ் எழுந்திருக்காது. ‘இஸ்-எனேபில்டு’னு ஒரு கமாண்ட் அடிச்சா அஞ்சு செகண்டுல தெரியுற விஷயம் இது.

இப்போ ஷெட்யூலுக்கு வருவோம். லேப்ல இருக்கிற ஒரு மெஷினை எடுத்துக்குங்க. அதுல ராத்திரி 2 மணிக்கு பேக்கப் எடுக்கச் சொல்லி கிரான்ல எழுதியாச்சு. ‘கிரான்டாப் மைனஸ் எல்’ அடிச்சா அந்த வரி கம்பீரமா நிக்குது. ஆனா சாயங்காலம் லேப்பைப் பூட்டும்போது எல்லா மெஷினையும் ஆஃப் பண்ணிட்டுப் போறாங்க. ராத்திரி 2 மணிக்கு மெஷினே உயிரோட இல்ல. சாதாரண கிரான், விட்டுப்போன வேலையைக் காலையில எழுந்து செய்யாது, அடுத்த 2 மணிக்காகக் காத்திருக்கும். எரரும் வராது, ஏன்னா எதுவும் ஓடவே இல்லையே! செமஸ்டர் முழுக்க பேக்கப் இருக்குன்னு நம்பிக்கிட்டு, வைவாவுக்கு முந்தின நாள் ஹார்டு டிஸ்க் போச்சுன்னா அழுறதைத் தவிர வழியில்ல.

சிஸ்டம்டி டைமர்ல இதுக்கு வழி இருக்கு. ‘பெர்சிஸ்டென்ட்’னு ஒரு வரி சேர்த்தா, விட்டுப்போனதை மெஷின் எழுந்ததும் செய்யும். அதைவிட எனக்குப் பிடிச்சது ‘லிஸ்ட்-டைமர்ஸ்’ கமாண்ட். ஒவ்வொரு வேலையும் அடுத்து எப்போ ஓடும், கடைசியா எப்போ ஓடுச்சுன்னு பக்கத்துல பக்கத்துல காட்டும். அந்த ‘லாஸ்ட்’ காலம்தான் முக்கியம். ‘நெக்ஸ்ட்’ என்பது வாக்குறுதி, ‘லாஸ்ட்’ என்பது வரலாறு.

நேர மண்டலம் இன்னொரு பொறி. கிளவுடுல வாங்குற சர்வர் பெரும்பாலும் யூடிசி நேரத்துலதான் வரும். காலை 6 மணின்னு நினைச்சு 6 போட்டா, வேலை நம்ம ஊர் நேரம் 11:30-க்கு நடக்கும். ‘டைம்டேட்சிடிஎல்’னு அடிச்சா சர்வர் எந்த ஊர் நேரத்துல வாழுதுன்னு சொல்லிடும்.

நம்ம ஊர்ல கிரானுக்கே அடங்காத ஒரு ஷெட்யூல் இருக்கு. அத்தி வரதர் 1979-ல எழுந்தருளினார். அதே 1979-ல வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்புல கிரான் இருந்தது. மறுபடி 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் எழுந்தருளியிருந்தார். அடுத்தது 2059. இதை கிரான்ல எழுத முடியாது. அதுல நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமைன்னு அஞ்சு கட்டம்தான், வருஷத்துக்கு இடமே இல்ல. பழைய 32-பிட் கடிகாரம் இருக்கிற மெஷின்னா அது 2038 ஜனவரி 19-ஐயே தாண்டாது. அப்புறம் எப்படி 40 வருஷம் கழிச்சு ஞாபகமா நடக்குது? மனுஷங்க கணக்கு வச்சிருக்காங்க, நாள் நெருங்கும்போது எடுத்துப் பார்க்கிறாங்க. எந்த ஷெட்யூலுக்கும் கடைசியில இப்படிப் பார்க்கிற ஒரு ஆள் வேணும்.

பார்க்கிறதுன்னா எதுவரைக்கும்? ‘ஜர்னல்சிடிஎல்’ல அந்த சர்வீஸோட லாக்கைப் படிக்கணும். அதோட நிக்காம, பேக்கப் ஃபைலையே போய்ப் பார்க்கணும்: எத்தனை எம்பி இருக்கு, எந்தத் தேதி, திறந்தா திறக்குதா? பட்டுத் தறியில பாவு இழை ஒன்னு அறுந்தாலும் தறி ஓடத்தான் செய்யும், சத்தமும் அப்படியேதான் இருக்கும். அதனாலதான் நெய்யுறவங்க சத்தத்தை நம்பாம துணியைப் பார்த்துக்கிட்டே நெய்யுறாங்க. பேக்கப் ஃபைல்தான் நம்ம துணி.

“இதுக்கெல்லாம் இப்போ டாஷ்போர்டு இருக்கே, கிராஃப்னா இருக்கே”ன்னு கேட்பீங்க. இருக்கட்டும், நல்லதுதான். ஆனா டாஷ்போர்டும் இன்னொரு சர்வர்ல ஓடுற சர்வீஸ்தான். கிட்லேப் சம்பவம் நடந்து ஒரு மாசத்துல, 2017 பிப்ரவரி 28 அன்னிக்கு, அமேசான் எஸ்3 பல மணி நேரம் படுத்துச்சு. அதை நம்பியிருந்த எத்தனையோ தளங்கள் நின்னு போச்சு. அப்போ அமேசானோட ஹெல்த் டாஷ்போர்டுல ஒவ்வொரு சர்வீஸோட நிலையையும் மாத்த முடியலை. ஏன்னா அந்த டாஷ்போர்டை இயக்குற கன்சோலே எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது. ட்விட்டர்ல நிலவரம் சொல்ல வேண்டியதாச்சு. நேராப் போய்க் கேட்கத் தெரிஞ்சவங்களுக்கு டாஷ்போர்டு உதவி. தெரியாதவங்களுக்கு அதுவும் இன்னொரு பச்சை எழுத்துதான்.

இன்னொரு எதிர்வாதம் நியாயமானது. “ரெண்டு விபத்துமே கமாண்ட் லைன்ல தப்பா அடிச்சதாலதானே ஆரம்பிச்சது? ஸ்டூடன்ட்ஸ் கையில எப்படிக் கொடுக்கிறது?” உண்மைதான். எஸ்3 விபத்தும் ஒரு கமாண்ட்ல தப்பான இன்புட் கொடுத்ததாலதான். ஆனா பார்க்கிற கமாண்ட் வேற, மாத்துற கமாண்ட் வேற. ஸ்டேட்டஸ் பார்க்கிறதுக்கும் டைமர் லிஸ்ட் பார்க்கிறதுக்கும் அட்மின் அதிகாரமே தேவையில்ல. லாக் முழுசாப் படிக்கணும்னா நம்ம யூசரை ‘சிஸ்டம்டி-ஜர்னல்’ குரூப்புல சேர்த்தா போதும். அந்த அனுமதியை வச்சு ஒரு சர்வீஸைக்கூட நிறுத்த முடியாது. ஆஸ்பத்திரியில கேஸ் ஷீட் படிக்க விடுற மாதிரிதான், கத்தியைக் கையில கொடுக்கிற மாதிரி இல்ல. லாக்ல மத்தவங்களோட சொந்த விவரம் இருக்கலாம் என்பதால மார்க், ஃபீஸ் சர்வர் பக்கமே வேண்டாம். கிளப் வெப்சைட், நம்ம இதழ் ஓடுற சர்வர் மாதிரி ஒன்னு போதும்.

இப்போ என்ன நடக்குது? அண்ணா பல்கலை 2021 ரெகுலேஷன்ல ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர் இருக்கு. எஃப்சிஎஃப்எஸ், ரவுண்ட் ராபின்னு ஷெட்யூலிங் அல்காரிதம் படிக்கிறோம், கான்ட் சார்ட் போட்டு ஆவரேஜ் வெயிட்டிங் டைம் கண்டுபிடிக்கிறோம். லேப்ல யூனிக்ஸ் கமாண்டும் ஷெல் ஸ்கிரிப்ட்டும் உண்டு. அதெல்லாம் வேணும்தான். ஆனா பிராசஸரோட மில்லி செகண்டைக் கணக்குப் போடுற நாம, நேத்து ராத்திரி பேக்கப் நடந்துச்சான்னு ஒரு தடவைகூடப் பார்க்காம ரெக்கார்டு நோட்ல கையெழுத்து வாங்கிடுறோம். அப்புறம் பிளேஸ்மென்ட் ஆகி நம்மில் நிறைய பேர் போறது சப்போர்ட் டீமுக்கு. அங்க நைட் ஷிஃப்ட்ல உட்கார்ந்து “எல்லாம் கிரீன் சார்”னு சொல்றதுக்கு இன்ஜினியரிங் தேவையில்ல. கிரீனா இருந்தும் வேலை நடக்கலைன்னு கண்டுபிடிக்கத்தான் தேவை.

நான் கேட்கிறது மூணுதான். ஒன்னு, செகண்ட் இயர்லயே உண்மையா ஓடுற ஒரு சர்வர்ல பார்க்க மட்டும் அனுமதி. ரெண்டு, ஓஎஸ் லேப்ல ஒரு எக்ஸ்பெரிமென்ட்: அஞ்சு டைமர்கள் கடைசியா எப்போ ஓடுச்சு, எப்படி முடிஞ்சதுன்னு ஆதாரத்தோட எழுதணும். மூணு, புராஜெக்ட் ரிவ்யூவுல டெமோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேனல் ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்: “ரீபூட் பண்ணு.” எத்தனை புராஜெக்ட் எழுந்து நிக்குதுன்னு அப்போ தெரியும். மூணுக்கும் காசு செலவே இல்ல.

அதுவரைக்கும் சும்மா இருக்கணும்னு அவசியமில்ல. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயித்துக்கிழமைகள்ல இணையத்துல கூடிப் பேசுது, தமிழ்லயே சந்தேகம் கேட்கலாம். கணியம் 2012-ல இருந்து கட்டற்ற மென்பொருள் பத்தித் தமிழ்ல எழுதிக்கிட்டு இருக்கு. உங்க லேப்டாப்புல உபுண்டு இருந்தா இப்பவே டெர்மினலைத் திறந்து ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்’ அடிங்க. நீங்க எழுதாத எத்தனையோ வேலை ஓடிக்கிட்டு இருக்கிறது தெரியும். ஒவ்வொன்னுக்கும் ‘லாஸ்ட்’ காலத்தைப் படிங்க. ஏதாவது ஒன்னுல தேதி ரொம்பப் பழசா இருந்தா, ஏன்னு தேட ஆரம்பிங்க.