தீர்வை ஒழிந்தது, வரி ஒழிந்ததா?



கோயிலில் அன்னதான உண்டியல் என்று தனியாக வைத்திருப்பார்கள். அதில் விழும் காசு சோற்றுக்குத்தான் போக வேண்டும். தேருக்கு வர்ணம் பூச அதிலிருந்து எடுத்தால் காஞ்சிபுரத்து ஜனங்கள் சும்மா இருப்பார்களா? தொழிலாளிக்கென்று சட்டம் போட்டு வசூலித்த தீர்வைகளும் அப்படிப்பட்ட உண்டியல்களே. அவற்றைத்தான் சர்க்கார் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது.

1953ல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. ஆலைத் துணிக்கு கஜத்துக்கு 3 பை, அதாவது காலணா, கூடுதல் தீர்வை. அந்தப் பணம் கதருக்கும் கைத்தறிக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு சேர நெசவாளிக்குக் கடன், துணிக்குத் தள்ளுபடி, விற்பனைக் கடைகள் ஆகியவை அந்தக் காலணாவில் நடந்தன.

இன்று அந்தத் தீர்வை இல்லை. 2017 ஜூலை 1ல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. பட்டு நூலுக்கு 5 சதவீதம், நெய்த பட்டுத் துணிக்கு 5 சதவீதம். அன்று ஆலைத் துணியில் வாங்கித் தறிக்குக் கொடுத்தார்கள். இன்று தறித் துணியிலேயே வாங்கிப் பொதுக் கஜானாவில் கொட்டுகிறார்கள். அதில் இத்தனை பங்கு பிள்ளையார்பாளையத்து நெசவாளிக்கு என்று சொல்லும் சட்டம் எங்கே?

பீடித் தொழிலாளியின் கதையைப் பாருங்கள். 1976ல் பீடி மீது நலத் தீர்வை விதித்தார்கள்; அதைக் கொண்டு நல நிதி அமைத்தார்கள். வைத்தியம், பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம், வீடு கட்ட மானியம் அதிலிருந்து வந்தன. 2017ல் அந்தத் தீர்வையை ரத்து செய்தார்கள். பீடி மீது வரி போயிற்றா? அதே ஆண்டில் 28 சதவீத வரி விதித்தார்கள்! வரி நின்றது, தொழிலாளியின் பெயர்தான் அழிந்தது.

திட்டங்கள் நிற்கவில்லை, பட்ஜெட்டிலிருந்து பணம் தருகிறோம் என்கிறது சர்க்கார். நாம் கேட்கிறோம்: சட்டப்படி வர வேண்டிய பங்கும், வருஷா வருஷம் மந்திரி மனம் வைத்துத் தரும் தொகையும் ஒன்றா? முன்னதைக் கணக்குக் கேட்டு வாங்கலாம். பின்னதற்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். குறைத்தால் கேட்பதற்கு இடமும் இல்லை; அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே 2020ல் கலைத்துவிட்டார்கள்.

தனி நிதி நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்ல வேண்டாம். 1996ல் வந்த சட்டம் தொடங்கி கட்டிடச் செலவில் 1 சதவீதம் கட்டிடத் தொழிலாளர் நலனுக்கென்று இன்றும் வசூலாகிறது. அங்கே முடிவது தறிக்கும் பீடிக்கும் ஏன் முடியாது?

ஆலைத் தொழிலாளி இதைத் தறிக்காரன் விவகாரம் என்று ஒதுக்கக் கூடாது. காலணாத் தீர்வையைக் காட்டி ஆலையையும் தறியையும் மோதவிட முதலாளிகளுக்கு அன்று வழி இருந்தது. இன்று இரண்டு துணிக்கும் வரி. இருவருக்கும் நிதி இல்லை. விவசாயத் தொழிலாளி வேட்டி வாங்கினாலும் பீடி வாங்கினாலும் அந்த வரியைக் கட்டுகிறான்.

ஆகவே நாம் கோருவது இது: துணி வரியில் ஒரு பங்கைச் சட்டப்படி நெசவாளர் நல நிதிக்கு ஒதுக்கு! பீடி வரியில் ஒரு பங்கைப் பீடித் தொழிலாளர் நல நிதிக்குத் திருப்பு! வரவு செலவைத் தொழிற்சங்கங்களின் முன் வை!

ஆலை வாசலிலும் சங்கக் கட்டிடத்திலும் களத்துமேட்டிலும் கூட்டம் போடுங்கள், தோழர்களே. தீர்மானம் நிறைவேற்றி டில்லிக்கு அனுப்புங்கள். நம்மிடம் வசூலித்த பணத்தில் நம் பங்கைக் கேட்க நாம் கூச வேண்டியதில்லை.