விளையாட்டுப் பலகையின் அரசியல்

சிறுவர்தம் விளையாட்டில் அரசியல் ஏது என்று வினவுவாருளர். பாடப்புத்தகத்திற் கண்டதை ஐயுறும் மாணவன் ஆசிரியரிடம் ஒரு வினாவேனும் விடுத்தல் கூடும். விளையாட்டின் விதியையோ ஒப்புக்கொண்டாலன்றி ஆடவே இயலாது. ஆதலின் நூலினும் விளையாட்டே இளநெஞ்சில் எளிதிற் புகுந்து நிலைப்பதென்பது என் துணிபு.

ஏற்காட்டில் மழையும் மூடுபனியும் சிறாரை வீட்டினுள் அடைத்துவைக்கும் நாட்களில் வியாபார விளையாட்டுப் பலகை விரிக்கப்படுவதுண்டு. கணக்கும் சிக்கனமும் கற்பிப்பதென்று கருதிப் பெற்றோர் அதனை வாங்கித் தருகின்றனர். நகரங்களை விலைக்குக் கொண்டு, அங்கு வந்து நிற்போரிடம் வாடகை தண்டி, ஏனையோரை ஓட்டாண்டியாக்குவோனே அதில் வென்றவன். இவ்வகை ஆட்டத்திற்கு மூலமாயது, அமெரிக்காவில் எலிஸபெத் மாகி என்னும் அம்மையார் இயற்றி 1904-ல் காப்புரிமை பெற்ற 'நிலக்கிழார் விளையாட்டு' ஆகும். அவர் ஹென்றி ஜார்ஜின் கொள்கையினர். நிலத்தின் மதிப்பு சமூகத்தாற் பெருகுவதாகலின் வரியும் அதன்மீதே விழவேண்டுமென்பது அக்கொள்கை. ஒரே பலகைக்கு அவர் இருவகை விதிகளை வகுத்தார். ஒன்றில் ஒருவன் கொழுக்கப் பிறர் நொடிவர். மற்றொன்றில் செல்வம் பிறக்குந்தோறும் யாவரும் பயன்பெறுவர். 1935-ல் பார்க்கர் சகோதரர் நிறுவனம் அவருடைய உரிமையை 500 டாலருக்கு வாங்கிற்று. உலகெங்கும் பரவிய 'மொனாப்பொலி'யில் முதல்வகை விதியே எஞ்சிற்று. கண்டிக்க எழுந்த கருவி புகழும் கருவியாயிற்று!

மாகி அம்மையாரும் பக்கச்சார்புடையவரே. ஆயினும் அவர் அதனை மறைத்திலர். இருபுறமும் ஆடிக்காண இடந்தந்தார். இன்றைய பலகையோ தான் ஒரு கொள்கையும் பேசாதது போல் நடிக்கின்றது.

அதன் பெரும்பொய் தொடக்கத்திலேயே உளது. ஆடுவோர் அனைவர்க்கும் பணம் சமமாகப் பகிரப்படும். இம்மலையில் அவ்வாறு நிகழ்ந்ததோ? சாமையும் கேழ்வரகும் விளைத்து மலையாளிப் பழங்குடிகள் வாழ்ந்த சேர்வராயன் மலைக்கு 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொணர்ந்தார். ஐரோப்பியத் தோட்டக்காரர் பின்தொடர்ந்தனர். மூலதனமும் அரசாங்கச் செல்வாக்கும் ஒருபால். மண்வெட்டி பிடித்த கை மற்றொருபால். தோற்றவன் திறமையிற் குறைந்தவன் என்று பலகை சொல்லும். தோட்டக் கூலிக்குச் செல்லும் தாயின் மகனும் அதனையே நம்பி எழுவான்.

இவ்விளையாட்டைத் தடுக்கவேண்டுமென்று யான் கூறேன். தடுத்தாற் கட்டிலடியில் ஆடுவர். பள்ளியாசிரியர் ஒருமுறை பணத்தைச் சமமின்றிப் பகிர்ந்து ஆடுவித்துப் பார்க்கலாம். மறுமுறை வாடகையெல்லாம் பொதுப்பெட்டியிற் சேருமாறு விதியை மாற்றலாம். நம் கல்லூரிப் பொருளியல் மாணவர் அத்தகைய விதித்தாள் ஒன்றைத் தமிழில் ஆக்குவாராயின், அடுத்த மழைக்காலத்திற்குள் அதனை ஏற்காட்டுப் பள்ளிகட்கு எடுத்துச்செல்லும் பணியை யான் ஏற்பேன்.