போகிறவர் சொல்லாமல் போவது

பழைய மகாபலிபுரம் சாலை மென்பொருள் நிறுவனங்களில் ‘பேப்பர் போட்ட’ ஒருவரிடம் விலகல் பேட்டியில் ஹெச்.ஆர். கேட்கும் முதல் கேள்வி, ஏன் போகிறீர்கள் என்பதுதான். பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது, இல்லையென்றால், சொந்தக் காரணம். மேலாளர் நள்ளிரவில் போன் செய்ததும், பிரசவ விடுப்பு முடிந்து வந்தவருக்கு ரேட்டிங் குறைந்ததும் பேட்டிப் படிவத்தில் ஏறுவதே இல்லை. ரிலீவிங் லெட்டர் இன்னும் கைக்கு வரவில்லை. புது நிறுவனம் விசாரிக்கப்போவதும் இதே ஆட்களிடம்தான். இந்த நேரத்தில் உண்மை பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது கேட்கும் நேரத்தை. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. பணத்தையும் கடிதத்தையும் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்க்கட்டும். கேட்பவர் நேரடி மேலாளராக இருக்கவே கூடாது. ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’ இதழில் 2016இல் எழுதிய எவரெட் ஸ்பெயினும் போரிஸ் குரோய்ஸ்பெர்க்கும் அந்த மேலாளருக்கு மேலே இருப்பவர்களைத்தான் சிபாரிசு செய்தார்கள். இந்தப் பேட்டிகளால் உங்கள் நிறுவனத்தில் எது மாறியது என்று இந்த இருவரும் கேட்டபோது, ஓர் உதாரணமாவது சொன்ன நிர்வாகிகள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கேள்வியையும் திருத்த வேண்டும்தான். ‘ஏன்’ என்றால் தயார் செய்துவைத்த பதில் வரும். ‘எப்போது’ என்று கேட்டால் ஒரு சம்பவம் வரும். போய்விடலாம் என்று முதன்முதலில் எப்போது தோன்றியது? அந்த வாரம் என்ன நடந்தது? யாரிடமாவது சொன்னீர்களா, அதற்கு என்ன ஆயிற்று? உங்கள் தங்கையை இங்கே வேலைக்கு அனுப்புவீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் வராவிட்டாலும் முகத்தில் வந்துவிடும்.

கேட்டதை ஒன்றுசேர்த்துப் பார்க்காவிட்டால் எல்லாமே வீண். ஊபர் பொறியாளர் சூசன் ஃபவுலர் தன் மேலாளரின் பாலியல் சீண்டலைப் புகாராகக் கொடுத்தபோது, அந்த ஆள் திறமைசாலி, இது அவருடைய முதல் தவறு என்றார்களாம். பிறகு சக பெண் பொறியாளர்களிடம் பேசியபோதுதான், அதே ஆள்மீது முன்பே புகார் இருந்தது அவருக்குத் தெரிந்தது. 2016 டிசம்பரில் விலகியவர் 2017 பிப்ரவரியில் இவற்றையெல்லாம் பொதுவெளியில் எழுதினார். விசாரணை வந்தது, இருபது பேருக்கு வேலை போனது, ஜூன் மாதம் தலைமைச் செயல் அதிகாரி டிராவிஸ் கலானிக்கும் பதவி விலகினார். புகார்களை அடுக்கிப் பார்க்க ஹெச்.ஆருக்கு ஒரு மத்தியானம் போதாதா?

இந்தப் பேட்டிகூடச் சட்டை கசங்காத வேலைக்காரர்களுக்குத்தான். தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி நின்றுவிட்டால், ஏஜென்ட் இன்னொருவரைக் கூட்டிவருவார், அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதன்பிறகுதான், தங்குமிடமும் உணவுக்கூடமும் தரமாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. விடுதியைக் காலிசெய்த எந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கக்கூடிய சங்கதி இது.

முன்னணி ஆயிரம் நிறுவனங்களிடம், நிரந்தர ஊழியர்களில் எத்தனை சதவீதம் பேர் விலகினார்கள் என்று ஆண், பெண் வாரியாகக் கணக்குக் கேட்கிறது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி. இன்ஃபோசிஸ் 2022 ஜூன் காலாண்டில் 28.4 சதவீதம் என்று புள்ளி பிசகாமல் அறிவித்தது. காரணத்தை யாரும் வெளியிடுவதில்லை. கணக்கு கேட்கிற செபியே அதற்கும் ஒரு கட்டம் சேர்க்கலாம். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் அதில் சேர்த்து.