ஆணி இல்லாத சிலுவை

வேலையைப் பற்றிப் பேச நமக்கு இரண்டு வாக்கியங்கள் தேவைப்படுகின்றன. சிலர் வேலையை விடுகிறார்கள். சிலரை வேலை விட்டுவிடுகிறது. இலக்கணப்படி எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். வாழ்க்கைப்படி அது ஒரு தலைமுறையின் கதை. கோலார் தங்கவயலின் பாலகாட்டில் பெரும்பாலான வீடுகள் இரண்டாவது வாக்கியத்தைச் சேர்ந்தவை.

1880ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலடி வைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இங்கே வேலை இருந்தது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள்தான் பாதாளத்தில் இறங்கினார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் தலித்துகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. 1956ல் சுரங்கங்கள் அரசின் கைக்கு வந்தன. 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28ம் தேதி எல்லாம் மூடப்பட்டன. அதன்பின் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயில்தான் ஊருக்கு 'கேஜ்' ஆனது. ஒரே வித்தியாசம், பழைய கேஜ் செங்குத்தாக இறங்கியது. இது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பக்கவாட்டில் போகிறது.

நானும் அந்த ரயிலில் ஒரு அலுவலகத்துக்குப் போய் வந்தவன். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் அதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக முடிவெடுத்தபோது, எங்கள் வரிசையில் வசிக்கும் பெரியவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சுரங்கத்தில் வேலை செய்து, மூடிய பிறகு பெங்களூரில் இரவுக் காவலாளியாக இருந்தவர். "உனக்கென்ன தம்பி, நீயாப் போற" என்றார். வாழ்த்தா வருத்தமா என்று பிரிக்க முடியாத குரல்.

அவர் வீட்டுச் சுவரில் ஒரு பழைய காலண்டர் படம் தொங்குகிறது. கருத்த வெளியில் மிதக்கும் சிலுவை. அதில் கிறிஸ்து. வழக்கமாக நாம் பார்ப்பதுபோல் கீழிருந்து அல்ல, உச்சியிலிருந்து பார்க்கிற கோணம். ஆணி இல்லை, ரத்தம் இல்லை, முள்முடி இல்லை. சால்வடோர் டாலி 1951ல் வரைந்த 'சிலுவையின் புனித யோவானின் கிறிஸ்து' அது. பதினாறாம் நூற்றாண்டின் ஸ்பானிய மறைஞானியான அந்த யோவான் கிறுக்கி வைத்த ஒரு சிறு கோட்டோவியத்திலிருந்து டாலிக்கு இந்தக் கோணம் கிடைத்தது. உடல் எப்படித் தொங்கும் என்று அறிய ஹாலிவுட்டில் ஒரு ஸ்டண்ட்காரரை உயரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். அதுவும் ஒரு கூலி வேலைதான்.

டாலியும் இடம் மாறியவர். சர்ரியலிஸ்டுகளின் கூட்டத்திலிருந்து முப்பதுகளில் வெளியேற்றப்பட்டார். அவர் பெயரின் எழுத்துகளைப் புரட்டிப்போட்டு 'அவிடா டாலர்ஸ்', அதாவது டாலர் பித்தர் என்று கேலி செய்தார் ஆந்த்ரே பிரெத்தான். பிறகு டாலி மதச் சித்திரங்களுக்குத் திரும்பினார். 1949ல் போப்பாண்டவரைப் பார்த்தார். பழைய தோழர்களுக்கு அது துரோகம், புதிய இடத்தில் இருந்தவர்களுக்குச் சந்தேகம். கிளாஸ்கோ நகரம் இந்தச் சிலுவைப் படத்தை 1952ல் 8,200 பவுண்டுக்கு வாங்கியபோது, அது வீண் செலவு என்று ஓவிய மாணவர்களே எதிர்த்தார்கள். 1961ல் ஒருவர் கித்தானைக் கிழித்தார். சீர்செய்யப்பட்ட அந்தப் படம் இப்போது கெல்விங்ரோவ் அருங்காட்சியகத்தின் பெருமை. வேலை மாறுகிறவனைப் பற்றி ஊர் முதலில் சொல்வது எப்போதும் கடைசி வார்த்தையாக இருப்பதில்லை.

சர்ரியலிசத்துக்கு என்ன தமிழ் என்று சிற்றிதழ்க்காரர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். மீயதார்த்தம் என்றும் எழுதலாம், அப்படியே சர்ரியலிசம் என்றும் விட்டுவிடலாம். பொருள்தான் நமக்குப் புதிதல்ல. தன் கண்ணைப் பிடுங்கி லிங்கத்தில் அப்பும் கண்ணப்பர், மடியில் ஆளைக் கிடத்திக் குடலை உருவும் பெரியாச்சி, தூணைப் பிளந்து வரும் சிங்க முகம். தங்கவயலுக்குப் பக்கத்துக் கம்மசந்திராவில் 108 அடி லிங்கத்தைச் சுற்றிப் பல்லாயிரம் லிங்கங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பிரெத்தான் 1924ல் அறிக்கை எழுதுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் பக்தி கனவின் மொழியைப் பேசிவிட்டது. எனவே டாலியைப் பார்த்து நாம் மிரளத் தேவையில்லை. இந்தப் படத்தில் விசித்திரமான உருவம் எதுவும் இல்லை. விசித்திரம் பார்ப்பவன் நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது.

இதைப் பெரியவர்தான் எனக்கு விளக்கினார். டாலி யாரென்று அவருக்குத் தெரியாது. "சாஃப்ட் மேல நின்னு பாரு தம்பி. கேஜுல இறங்குறவன் தலைதான் தெரியும். மூஞ்சி தெரியாது. கீழ இருட்டு." படத்தைத் திரும்பப் பார்த்தேன். உண்மைதான். டாலியின் கிறிஸ்துவுக்கு முகம் இல்லை. குனிந்த தலையும் தோளும்தான். படத்தைப் பற்றி நான் படித்த பல கட்டுரைகளைவிட இந்த நான்கு வாக்கியங்கள் ஆழமானவை.

மேலிருந்து பார்த்தால் தலை மட்டுமே தெரியும் என்பது ஓவிய விதி மட்டுமல்ல, நிர்வாக விதியும்கூட. ஒரு டன் பாறையில் எவ்வளவு தங்கம், ஒரு கிராம் எடுக்க எவ்வளவு செலவு, எத்தனை தலைகள் என்ற கணக்கில் சுரங்கம் மூடப்பட்டது. கணக்கு தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். தங்கம் குறைந்தது, ஆழம் கூடியது, செலவு ஏறியது. ஆனால் அந்தக் கோணத்திலிருந்து முகங்களைப் பார்க்க முடியாது. நாற்பத்தைந்து வயதில் பாறையை மட்டுமே அறிந்த ஒரு கை, மறுநாள் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் சல்யூட் அடிக்கப் பழக வேண்டியிருந்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இந்தியாவில் தானாக விட்டுப் போனவர்களின் கதைகள் நமக்குப் பிடிக்கும். கே.சி.எஸ். பணிக்கர் தந்தித் துறையிலும் இன்சூரன்ஸிலும் வேலை பார்த்துவிட்டு, 1936ல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னாளில் அதன் முதல்வரானார், சோழமண்டலத்தை உருவாக்கினார். அவரைப் புகழ்வது நியாயம். ஆனால் துணிந்து விட்டவனுக்குச் சரித்திரம் எழுதும் நாம், விடப்பட்டவனுக்குச் செட்டில்மென்ட் தொகையைக் குறிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அவனும்தான் புது வேலை கற்றான், அதுவும் விருப்பமே கேட்கப்படாமல்.

டாலியின் படத்தில் இன்னொரு பகுதி உண்டு. சிலுவைக்குக் கீழே, இருட்டு முடியும் இடத்தில், போர்ட் லிகாத் கடற்கரை. அங்கே படகும் மீனவர்களும். குனிந்த அந்தத் தலை அவர்களை நோக்கித்தான் குனிந்திருக்கிறது. மேலே இருப்பவர்கள் கீழே பார்ப்பதில் இரண்டு விதம் உண்டு. தலைகளை எண்ணுவது ஒன்று. தலை குனிவது இன்னொன்று.