வெள்ளைப் பந்து நின்ற இடம்

முதல் சம்பளம் வாங்கிய அன்று கிள்ளானில் ஒரு பூல் சென்டருக்குள் நுழைந்தேன். நைன்பால், ஆட்டத்துக்கு 20 வெள்ளி. சின்ன எண்ணுள்ள பந்தைத்தான் முதலில் தொட வேண்டும். 9 குழியில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. எதிரே, சிலிப்பரோடு வந்த லாரிக்கார அண்ணன். முதல் மூன்று ஆட்டமும் எனக்கே! பந்தயத்தை 50 ஆக்கியதும் நான்தான்.

பிறகுதான் கவனித்தேன். எந்தப் பந்தைப் போட்டாலும் அவருடைய வெள்ளைப் பந்து அடுத்ததற்குத் தோதாக வந்து நின்றது. அடுத்த ஆறு ஆட்டமும் அவருக்கு. அம்மாவுக்கென்று ஒதுக்கியதில் 240 வெள்ளி போனது.

படியிறங்கும்போது கூப்பிட்டு 10 வெள்ளி நீட்டினார். “பஸ்ஸுக்கு வெச்சுக்க தம்பி. குச்சிய ரொம்ப இறுக்கிப் பிடிக்கிற.” வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். இந்தப் பத்தியை வாராவாரம் முதலில் படிப்பவர் அவர்தான்.